ஒளித்த படமும் பூட்டிய படமும்

2017 நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோஹாவிலிருந்து பாலித் தீவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று வழியை மாற்றிக்கொண்டு சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கியது. எந்திரக் கோளாறு இல்லை, யாருக்கும் மாரடைப்பும் இல்லை. பயணம் செய்த ஈரான் நாட்டுப் பெண் ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை எடுத்து அவருடைய போனில் வைத்திருக்கிறார். போன் திறந்துகொண்டது. உள்ளே பார்த்ததும் தொடங்கிய சண்டையை விமான ஊழியர்களால் அடக்க முடியவில்லை. கணவன், மனைவி, குழந்தை மூவரையும் சென்னையில் இறக்கிவிட்ட பிறகுதான் விமானம் மறுபடி கிளம்பியது என்று அப்போது செய்திகள் வெளியாகின.

செய்தியைப் படித்தவர்கள் கணவரின் குட்டு உடைந்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் அந்தச் சம்பவத்தில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விரல் யாருடையது என்று கைரேகைப் பூட்டுக்குத் தெரியும். விரலுக்குரியவர் விழித்திருக்கிறாரா, விருப்பத்தோடுதான் வைக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது.

போனில் படத்தை ஒளித்து வைப்பவர் என்றாலே ஏதோ தப்பு செய்தவர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதை முதலில் களைய வேண்டும். சிசேரியன் தையல் ஆறிவிட்டதா என்று டாக்டர் கேட்டதற்காக எடுத்து அனுப்பிய படம், வெளியே சொல்லக் கூசும் இடத்தில் வந்த கட்டியின் படம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது எடுத்தது, ஐசியூவில் குழாய்களோடு கிடந்த அப்பாவின் கடைசிப் படம், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார், பான், ஏடிஎம் அட்டையின் இரண்டு பக்கங்கள், கணவனும் மனைவியும் தங்களுக்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. இவற்றில் எதுவும் குற்றமில்லை. எதுவும் ஊர் பார்க்க வேண்டியதும் இல்லை. விமானம் சென்னையில் இறங்கியதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது.

உரிமை தீர்ப்பில் இருக்கிறது. போன் கை மாறிக்கொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் அது ஒருவருடைய பொருளாக இருப்பது அபூர்வம். பிள்ளை கார்ட்டூன் பார்க்க வாங்கும், மாமியார் மகளிடம் பேச வாங்குவார், பக்கத்து வீட்டு அக்கா கல்யாணப் புடவை நிறத்தைப் பார்க்க வாங்குவார். ஒரு படத்தைக் காட்டக் கொடுத்தால், வாங்கியவரின் விரல் தானாகவே அடுத்த படத்துக்குத் தள்ளும். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, பழக்கம்தான். ஆனால் அடுத்த படம் என்ன என்பது போனுக்குரியவருக்குத்தான் தெரியும். ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ என்ற வசதியைப் போட்டுத் தொடுதிரையையே அணைத்துவிட்டால் அந்த ஒரு படத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பைத் திரையில் நிறுத்தும் ‘பின்’ வசதி இருக்கிறது. பிள்ளை கார்ட்டூனை விட்டு வெளியே வராமலிருக்க அது உதவும். ஆனால் கேலரியையே பின் செய்து கொடுத்தால், உள்ளே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தள்ளிப் பார்க்கலாம். காட்ட வேண்டிய படத்தை அவருடைய போனுக்கே அனுப்பிவிடுவது இதைவிட நல்லது.

சரி, மறைப்பது எப்படி? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒளிப்பது வேறு, பூட்டுவது வேறு. ஆண்ட்ராய்டில் பழைய வித்தை ஒன்று உண்டு. முன்னால் ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் ‘நோமீடியா’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால், கேலரி அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காது. படங்கள் மறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்தாலும் தெரியும். விருந்தாளி வரும் நேரத்தில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது போன்றது இது. குனிந்து பார்க்கிறவர் வராதவரை சரி.

ஐபோனும் நீண்ட காலம் இதையேதான் செய்தது. படத்தை மறைக்கும் வசதியும் அதற்கென்று தனி ஆல்பமும் 2014-இல், ஐஓஎஸ் 8-இல் வந்தன. அந்த ஆல்பத்துக்குப் பூட்டு கிடையாது. மற்ற ஆல்பங்களோடு கீழே அதன் பெயரும் தெரியும், தொட்டால் திறக்கும். 2020-இல் அந்தப் பெயரைப் பட்டியலில் தெரியாமல் செய்ய வழி வந்தது. முகத்தையோ கைரேகையையோ கேட்கும் பூட்டு வந்தது 2022-இல், ஐஓஎஸ் 16-இல்தான். 8 ஆண்டுகள், ‘இங்கே மறைத்திருக்கிறேன்’ என்று எழுதி ஒட்டிய திறந்த அறையாகவே அது இருந்தது. இன்னும் சிலருக்கு அப்படித்தான் இருக்கிறது. ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-க்கு மேல் கிடையாது. அண்ணன் புதுசு வாங்கியதும் தங்கைக்குப் போகும் பழைய போன் அதுவென்றால், அதிலுள்ள மறைவு ஆல்பத்துக்குப் பூட்டே இல்லை.

கூகுள் போட்டோஸில் ‘லாக்டு ஃபோல்டர்’ 2021-இல் அறிவிக்கப்பட்டு, முதலில் பிக்சல் போன்களுக்கும் பிறகு மற்ற ஆண்ட்ராய்டு போன்களுக்கும் வந்தது. அதில் வைத்த படம் தேடினால் வராது, ‘நினைவுகள்’ என்று திடீரென்று எழுந்து நிற்காது, மற்ற ஆப்களின் கண்ணிலும் படாது. பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். இலவசமாகவும் கிடைக்கிறது.

போதாத இடம் ஒன்று உண்டு. கூகுளின் லாக்டு ஃபோல்டர் போனின் திரைப்பூட்டையே சாவியாக வைத்துக்கொள்கிறது. ஐபோனின் மறைவு ஆல்பமும் முகம் தெரியாவிட்டால் போனின் பாஸ்கோடைக் கேட்டுத் திறந்துகொள்ளும். அதாவது போனைத் திறக்கத் தெரிந்தவருக்கு இந்த அறையும் திறக்கும். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். பேருந்தில் போனைத் திருடுபவரிடமிருந்தா, பாஸ்கோடு தெரிந்த வீட்டு ஆளிடமிருந்தா? திருடருக்கு எதிராக இந்த இரண்டும் நன்றாக நிற்கும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு எண்ணையும் பார்த்துப் பழகிய தம்பிக்கு எதிராக நிற்காது. மனைவியின் போனைச் சோதிப்பதைக் கடமையாக நினைக்கும் கணவருக்கு எதிராகவும் நிற்காது.

அதற்குத் தனிச் சாவி வேண்டும். சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மேல் இயங்கும் ‘செக்யூர் ஃபோல்டர்’ இருக்கிறது. அது போனுக்குள் இன்னொரு போன் மாதிரி. அதற்கென்று வேறு பூட்டு எண், வேறு கேலரி, வேறு வாட்ஸ்அப்கூட வைத்துக்கொள்ளலாம். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-இல் கூகுளே ‘பிரைவேட் ஸ்பேஸ்’ என்ற பெயரில் இதற்கு நிகரான வசதியைக் கொடுத்திருக்கிறது. ஷியோமி போன்களில் ‘செகண்ட் ஸ்பேஸ்’ உண்டு. எதை வைத்தாலும் போனைத் திறக்கும் எண்ணையே மறுபடி போட்டால் பயனில்லை. கைரேகையால் திறக்கும்படியும் வைக்க வேண்டாம். தூங்கும் விரல் என்ன செய்யும் என்பதை அந்த விமானம் காட்டிவிட்டது.

கால்குலேட்டர் ஆப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்கக் கணக்குப் போடும் ஆப், குறிப்பிட்ட எண்ணைத் தட்டினால் படப்பெட்டி. கல்லூரிப் பிள்ளைகள் நடுவே இவற்றுக்கு மவுசு அதிகம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கேன்யன் சிட்டி என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில், 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தரங்கப் படங்களை இப்படிப்பட்ட ஆப்களில் பதுக்கி ஒருவருக்கொருவர் பரிமாறியது 2015-இல் வெளியாகி நாடே பேசியது. பெற்றோர் பலருக்கு அதுவரை இப்படி ஓர் ஆப் இருப்பதே தெரியாது.

அந்த ஆப்களின் பூட்டு எவ்வளவு உறுதி? அதே 2015-இல், 3 கோடிப் பேர் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட என்க்யூ வால்ட் என்ற ஆப்பை ஒருவர் பிரித்து ஆராய்ந்தார். படக்கோப்பின் முதல் 128 பைட்டுகளை மட்டும், ஒரே ஒரு பைட் சாவியால், அது மாற்றி வைத்திருந்தது. போன் கேமரா எடுக்கும் ஒரு படத்தில் பல லட்சம் பைட்டுகள் இருக்கும். அவற்றில் 128 போக மீதி எல்லாம் அப்படியே கிடந்தன. சாவியாக இருக்கக்கூடிய எண்களும் மொத்தமே 256-க்குள்தான். முழுக் கடிதத்தையும் மறைக்கச் சொன்னால், முதல் இரண்டு சொல்லை மட்டும் கிறுக்கிவிட்டுக் கொடுத்த கதை. எல்லா ஆப்களும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் வெளியே நின்று பார்க்கும் சாதாரண மனிதரால் நல்லதையும் போலியையும் பிரித்தறிய முடியாது. போனிலேயே பூட்டு இருக்கும்போது, யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஆப்பிடம் அந்தரங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது தவறான முடிவு.

பூட்டியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பூட்டியது ஒரு பிரதியைத்தான். போனில் ஒரு படம் ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், ஆண்ட்ராய்டில் ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் ஒரு நகல் இருக்கும். கேலரியில் அது தெரியாது, ஃபைல் மேனேஜரில் தெரியும். பெற்றுக்கொண்டவரின் போனில் ஒன்று இருக்கும். பேக்கப் போட்டிருந்தால் கூகுள் கணக்கில் ஒன்று. ஐகிளவுடில் இணைத்திருந்தால், ஐபோனில் மறைத்த படம் அதே கணக்கில் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் ஐபேடின் மறைவு ஆல்பத்திலும் இருக்கும். அழித்த படமும் உடனே போவதில்லை. ஐபோனில் 30 நாள், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள் குப்பைத்தொட்டியில் காத்திருக்கும். கேலரியைத் துழாவுகிறவர்கள் அந்தக் குப்பைத்தொட்டியையும் திறந்து பார்க்கலாம்.

2024 மே மாதம் ஐபோனுக்கு 17.5 புதுப்பிப்பு வந்தபோது, எப்போதோ அழித்த படங்கள் சிலரின் கேலரியில் மறுபடி முளைத்தன. சில ஆண்டுகளுக்கு முன் அழித்தவைகூட அவற்றில் இருந்தன. தரவுத்தளக் கோளாறு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு சில நாள்களிலேயே 17.5.1-ஐ வெளியிட்டது.

நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. லாக்டு ஃபோல்டருக்குள் நகர்த்திய படம், அதற்கென்று தனியாக பேக்கப் போடாவிட்டால், அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கும். கூகுள் போட்டோஸ் ஆப்பை நீக்கினாலோ, அதன் டேட்டாவை அழித்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ அந்தப் படம் திரும்பி வராது. அப்பாவின் கடைசிப் படத்தை அங்கே வைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல், போனை நாமே முழுதாக இன்னொருவர் கையில் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் கடை. “டிஸ்ப்ளே மாத்திட்டு செக் பண்ணணும், லாக் என்னன்னு சொல்லிட்டுப் போங்க” என்பார் கடைக்காரர். சொல்லிவிட்டு, மாலையில் வருவதாகக் கிளம்பிவிடுகிறோம். ஹாங்காங் நடிகர் எடிசன் சென் தன் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்தார். அதிலிருந்த அந்தரங்கப் படங்களைக் கடையின் டெக்னீஷியன் நகல் எடுத்தார். 2008 தொடக்கத்தில் அவை இணையத்தில் கொட்டின. படங்களில் இருந்த நடிகைகளின் வாழ்க்கை ஒரே வாரத்தில் தலைகீழானது. சென் ஹாங்காங் திரையுலகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார். நகல் எடுத்தவருக்கு மறு ஆண்டு கிடைத்தது எட்டரை மாதச் சிறை. அத்தனை பேர் பட்டதற்கு அது மிகச் சிறிய தண்டனை.

சின்னக் கடை என்பதால் அப்படி நடந்தது என்று சமாதானம் சொல்ல முடியாது. 2016-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநில மாணவி ஒருவர் தன் ஐபோனை ஆப்பிளுக்கே சர்வீஸுக்கு அனுப்பினார். ஆப்பிளுக்காக வேலை செய்த கலிபோர்னியா பழுது மையத்தின் டெக்னீஷியன்கள் இருவர், அவருடைய படங்களை அவருடைய ஃபேஸ்புக் கணக்கிலேயே, அவரே போட்டது போலத் தோன்றும்படி ஏற்றினார்கள். ஆப்பிள் லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுத்து முடித்துக்கொண்ட விஷயம் 2021-இல்தான் வெளியே தெரிந்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்காணிப்புப் பதிவு வைத்த லேப்டாப்களைப் பழுது பார்க்கும் கடைகளுக்குக் கொடுத்து 2022-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 6 கடைகளில் சொந்தக் கோப்புகளைத் துழாவியிருந்தார்கள். அவற்றில் 2 கடைகளில் நகலே எடுத்திருந்தார்கள். பெண்ணுடையது போல அமைத்த லேப்டாப்களில் துழாவல் அதிகம்.

இதற்கு மருந்து போனிலேயே வந்துவிட்டது, பலருக்குத் தெரியவில்லை. சாம்சங்கில் 2022 முதல் ‘மெயின்டனன்ஸ் மோட்’ இருக்கிறது. பேட்டரியும் சாதனப் பராமரிப்பும் இருக்கும் அமைப்புகளுக்குள் அதைப் போட்டுவிட்டால், போன் புதுசு போலத் திறக்கும். படம், தொடர்பு எண், மெசேஜ் எதுவும் தெரியாது, டெக்னீஷியன் தொடுதிரையையும் கேமராவையும் சோதித்துப் பார்க்கலாம். திரும்ப வாங்கியதும் நம் பூட்டைப் போட்டு வெளியே வரலாம். பிக்சல் போன்களில் ‘ரிப்பேர் மோட்’ என்ற பெயரில் 2023 இறுதியில் வந்தது. திரையே உயிரில்லாமல் போனால் இதைப் போட முடியாது. போன் நன்றாக இருக்கும் இன்றைக்கே செக்யூர் ஃபோல்டரைத் தனி எண்ணோடு அமைத்துக்கொள்ள அதுவே காரணம். அந்த எண்ணைக் கடைக்காரர் கேட்கவே மாட்டார். வசதி இல்லாத போன் என்றால், வேலை முடியும்வரை கடையிலேயே உட்கார்ந்து, லாக்கை நாமே திறந்து கொடுக்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழைய போனை விற்பதைப் பற்றிச் சுருக்கமாக. 2014-இல் அவாஸ்ட் நிறுவனம் ஈபேயில் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி, அழிக்கப்பட்டதாக விற்றவர்கள் நம்பிய 40,000-க்கும் மேற்பட்ட படங்களை மீட்டுக் காட்டியது. அவற்றில் நூற்றுக்கணக்கானவை அந்தரங்கப் படங்கள். இன்றைய போன்கள் உள்ளே இருப்பதைத் தாமாகவே குறியாக்கம் செய்து வைக்கின்றன, ரீசெட் செய்யும்போது சாவி அழிவதால் மீட்பது மிகவும் கடினம். ஆனால் மெமரி கார்டுக்கு இது பொருந்தாது. கேமராப் படங்கள் கார்டில் சேரும்படி வைத்திருந்தால், அழித்த பிறகும் இலவச மென்பொருளாலேயே பலவற்றை மீட்கலாம். போனை விற்கலாம், கார்டை விற்கக் கூடாது.

மனிதர்கள் போக, ஆப்களும் கேலரியைப் பார்க்கின்றன. டார்ச் ஆப்புக்கும் ஜாதக ஆப்புக்கும் படங்கள் எதற்கு? ஆன்லைன் கடன் ஆப்கள் கேலரியையும் தொடர்பு எண்களையும் வாரிக்கொண்டு, தவணை தவறியவரின் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டிய கொடுமையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். அந்த ஆப்கள் போனின் கோப்புகளையும் தொடர்புகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. 2023 மே 31 முதல் கூகுள் பிளேயும் தடுத்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே, லிங்க் வழியாக இறக்கும் ஆப்புக்கு இந்தத் தடை எட்டாது. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீய நிரலைக் கண்டுபிடித்தது. கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து, கிரிப்டோ பணப்பையின் ரகசியச் சொற்களைத் தேடித் திருடும் வேலை அதனுடையது. கூகுள் கடை, ஆப்பிள் கடை இரண்டிலும் இருந்த ஆப்களுக்குள் அது நுழைந்திருந்தது. படத்தில் இருக்கும் எழுத்தை நிரல் படிக்கும் என்றால், பாஸ்வேர்டு எழுதிய டைரிப் பக்கமும் ஏடிஎம் அட்டையின் படமும் அந்தரங்கப் படங்கள்தான். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பு முதலும், முழு கேலரியைத் திறக்காமல் ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்று அனுமதி கொடுக்கலாம். அமைப்புகளில் ‘பெர்மிஷன்’ பகுதியைத் திறந்து யார் யாருக்குக் கேலரி திறந்திருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாம் செய்தும் படம் வெளியே போகலாம். பெரும்பாலும் போனை உடைத்து யாரும் எடுப்பதில்லை. யாரை நம்பி அனுப்பினோமோ அவரே பரப்புகிறார். ‘நீதானே அனுப்பினாய்’ என்ற ஒரு வார்த்தையில் பெண்ணை வாயடைக்கச் செய்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி, படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்ப அவர் சம்மதிக்காவிட்டால் பரப்பியது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்பின் படத்தைச் சம்மதமின்றி எடுத்தாலோ பரப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஜூலையில், தன் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவுவதாகப் பெண் வழக்கறிஞர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அவற்றை 48 மணி நேரத்துக்குள் முடக்க நடவடிக்கை எடுக்குமாறு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் படித்த ஒருவரே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படி நேர்ந்தால் பயத்தில் எல்லா மெசேஜையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. மிரட்டியவரின் எண், கணக்கு, லிங்க், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் தொடர்பான படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். தொலைபேசி எண் 1930. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவசத் தளத்தில், படத்தை ஏற்றாமலே அதன் எண்வடிவக் கைரேகையை மட்டும் உங்கள் போனிலிருந்து உருவாக்கிக் கொடுக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படம் ஏறாமல் தடுக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற தளம் இருக்கிறது.

பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ நடுங்கிக்கொண்டு வந்து, “அம்மா, என் படம் ஒன்னு அவன்கிட்ட இருக்கு” என்று சொன்னால், போனைப் பிடுங்காதீர்கள், ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 1930-க்கு நீங்களே போன் போடுங்கள்.